திரும்பி வந்த சரக்கும் இருப்புக் கணக்கும்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் வந்து கூடும் யாத்திரிகர் கூட்டத்தை அறியாதவர் இம்மாவட்டத்தில் இலர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்து, விடியற்காலையில் பேருந்து நிலையம் நோக்கி நடக்கும் அன்பர்கள் வழியோரக் கடைகளில் ஒரு புட்டி தேனோ, ஒரு பை சாமையோ, ஒரு கோரைப் பாயோ வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருகின்றனர். வாங்கியவர் ஈரோட்டினராயினும் சித்தூரினராயினும், அப்பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்காக மறுபடியும் வருவதில்லை. ஆகவே கடை வைத்திருக்கும் மகளிர் குழுவின் கணக்கும் எளிதாயிருக்கிறது. காலையில் இருந்தது எவ்வளவு, மாலையில் மிஞ்சியது எவ்வளவு, பெட்டியில் சேர்ந்த பணம் எவ்வளவு என்ற மூன்றும் ஒத்துவந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

அதே குழு அதே பொருளை இணையச் சந்தையின் வழியாக விற்க முற்படும்போது கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. அனுப்பிய சரக்கில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. சில வேளை உறை பிரிக்கப்படாமலே வருகிறது. சில வேளை பாதி பயன்படுத்திய நிலையில் வருகிறது. சில வேளை அனுப்பியது ஒன்றாகவும் திரும்பியது வேறொன்றாகவும் இருக்கிறது. இன்னும் சில வேளை, ‘திரும்பிவிட்டது’ என்ற செய்தி மட்டும் கைப்பேசிக்கு வந்து, பெட்டி வந்து சேர்வதேயில்லை. இவ்வாறு திரும்பும் சரக்கை மென்பொருளில் எவ்வாறு பதிவு செய்வது, எதை மறுபடியும் விற்பனைக்கு வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தோன்றியது. சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிற்று. அதே 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்து நமது மாவட்டமும் உருவாயிற்று. இன்று இம்மாவட்டத்தின் 18 ஒன்றியங்களிலும் குழுக்கள் இயங்கி வருகின்றன. ஜவ்வாது மலையின் சாமையும் தேனும் புளியும், ஆரணிப் பட்டும், வந்தவாசிப் பக்கத்துக் கோரைப் பாயும் வெளியூர்களில் பெயர் பெற்ற சரக்குகள். இவற்றை விற்பதற்கு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி சந்தை’, மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் ‘இ-சரஸ்’ ஆகிய தளங்களும், பெரிய தனியார் தளங்களும் வாய்ப்பளிக்கின்றன. பொருளைப் படம் எடுப்பது எப்படி, விலை போடுவது எப்படி, உறையிடுவது எப்படி என்றெல்லாம் பயிற்சி முகாம்களில் விரிவாகச் சொல்லப்படுகிறது. திரும்பி வந்த பெட்டியை என்ன செய்வது என்பதற்கோ கடைசி நாள் மாலையில் கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

தபால் மூலம் விற்பதும், விற்றது திரும்புவதும் நமக்குப் புதியனவல்ல. நம் நாட்டில் வி.பி.பி. என்னும் மதிப்புப் பெறும் அஞ்சல் முறை 1877இல் ஏற்பட்டது. தைலங்களும் புத்தகங்களும் பஞ்சாங்கங்களும் அம்முறையில் கிராமங்களுக்கு வந்த காலத்தை முதியோர் நினைவில் வைத்திருப்பர். தபால்காரர் கொண்டுவந்த பொட்டலத்தைப் பணம் கட்டி வாங்க மனமில்லாதவர் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொட்டலம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தபால் செலவு அனுப்பியவர் தலையில் விழும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்து மாண்ட்கமரி வார்டு என்னும் தபால் வழி வணிக நிறுவனம் 1875இலேயே ‘திருப்தி இல்லையேல் பணம் வாபஸ்’ என்று அறிவித்தது. இன்று ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்று வழங்குவது பழைய வி.பி.பி.யின் பேரன் என்றே சொல்லலாம். பாட்டனிடமிருந்த தொல்லைகள் யாவும் பேரனிடமும் இருக்கின்றன.

சட்டம் சொல்வது

திரும்பும் சரக்கை ஏற்பது விற்பவரின் தயவைப் பொறுத்ததன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என்று அச்சட்டம் கூறுகிறது. ரசீதில் காலக்கெடு குறிக்கப்பட்டிருந்தால் அதற்குள்ளும், குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளும் விற்பவர் இதைச் செய்ய வேண்டும். ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று ரசீதின் அடியில் அச்சிட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று நம்புவோர் நம் கடைவீதியில் இன்னும் இருக்கின்றனர். பழுதுள்ள பொருளைப் பொறுத்தமட்டில் அவ்வரி செல்லாது.

இணைய விற்பனைக்கென்றே 2020 ஜூலை 23இல் தனி விதிகள் வெளியாயின. அவற்றின்படி பொருள் பழுதானதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன தேதிக்குப் பின் காலதாமதமாகச் சேர்ந்தாலும், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கலாகாது. எவராலும் தடுக்க இயலாத இடையூற்றினால் தாமதம் நேர்ந்திருப்பின் மட்டும் விலக்கு உண்டு. வாங்கியவருக்கு வெறுமனே மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பும் உரிமையை நமது சட்டம் பொதுவாக அளிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டவிதி, தொலைவிலிருந்து வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 14 நாள் வரை அவ்வுரிமையைக் கொடுத்திருக்கிறது. இங்கு அது அந்தந்தத் தளத்தின் விதியைப் பொறுத்தது. ஆதலால் ஒரு தளத்தில் சேருமுன் அதன் திருப்பும் விதியை எழுத்தறிந்த உறுப்பினர் ஒருவர் குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுவது நன்று.

பணம் ஒரு வழி, பெட்டி ஒரு வழி

சரக்கிருப்பு மென்பொருள் என்பது கைப்பேசியிலோ கணினியிலோ இயங்கும் இருப்புப் பதிவேடே ஆகும். ஒரே சரக்கை மூன்று தளங்களில் விற்பனைக்கு வைத்திருக்கும்போது, ஒன்றில் விற்றவுடன் மற்ற இரண்டிலும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது இதன் பெரும் பயன். கைப் பதிவேட்டால் இவ்வளவு விரைவில் இதைச் செய்ய இயலாது. விற்பனையின்போது மென்பொருள் தானாகவே எண்ணிக்கையைக் குறைக்கிறது. அதில் பிழை நேர்வது அரிது. சரக்கு திரும்பும்போதோ, எண்ணிக்கையைக் கூட்டலாமா கூடாதா என்று மனிதர்தாம் சொல்ல வேண்டும். பிழை அனைத்தும் இந்த இடத்திலேதான் புகுகிறது.

காரணம் எளிது. விற்பனையில் பணமும் சரக்கும் ஏறத்தாழ ஒருங்கே நகருகின்றன. திரும்பும்போது அவை இரண்டும் தனித்தனி வழியே பயணம் செய்கின்றன. வாங்கியவர் புகார் செய்த மறுநாளே அவருடைய பணம் திரும்பிவிடக்கூடும். பெட்டியோ மும்பையிலிருந்து பத்து நாள் கழித்து வரும், அல்லது வாராமலே போகும். கணக்கு எழுதுகிறவர் இவை இரண்டையும் ஒரே பதிவில் முடிக்க விரும்புவது இயல்பு. பல மென்பொருள்களும் அதற்கு இடந்தருகின்றன. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்றவற்றில் பணத்தைத் திருப்பும் பக்கத்திலேயே ‘மீண்டும் இருப்பில் சேர்’ என்று பொருள்படும் சிறு கட்டம் ஒன்று இருக்கிறது. கட்டத்தில் குறி இருந்தால், பணம் திரும்பிய கணத்திலேயே பொருளும் அலமாரிக்கு வந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். பொருள் அப்பொழுது எங்கேயோ ஒரு லாரியில் இருக்கும். சில மென்பொருள்களில் அக்குறி முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட வேண்டும் என்பதை அறிந்திருப்போர் சிலரே.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு குழுவிடம் ஒரு கிலோ சாமைப் பைகள் 60 இருந்தன என்று வைத்துக்கொள்வோம். 40 பைகள் விற்றன, மீதி 20. விற்றவற்றில் 6 பைகளுக்குத் திருப்பும் கோரிக்கை வந்தது. அவற்றுள் 2 பைகள் வாசலிலேயே மறுக்கப்பட்டு முத்திரை உடையாமல் திரும்பின. 2 பைகள் பிரிக்கப்பட்டு வந்தன. ஒன்று வழியில் கிழிந்து வந்தது. ஒன்று வரவேயில்லை. பணம் திருப்பும்போதே ஆறுக்கும் குறியிட்டிருந்தால் மென்பொருள் 26 என்று காட்டும். அலமாரியில் விற்கத்தக்கவை 22. நவராத்திரிக்குப் பரிசளிக்க ஓர் அலுவலகத்தார் 25 பைகள் வேண்டுமென்று கேட்கின்றனர். கணினியில் 26 இருப்பதைக் கண்டு குழுவினர் ஒப்புக்கொள்கின்றனர். கட்டும் நேரத்தில் மூன்று குறைகிறது. இப்பொழுது அவர்களுக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, ஆர்டரை ரத்துச் செய்து தளத்தில் தம் பெயரைக் கெடுத்துக்கொள்வது. மற்றொன்று, பிரித்து வந்த பைகளுக்குப் புதுத் தையல் போட்டு எண்ணிக்கையை நிறைவு செய்வது. இரண்டாவது வழி எவ்வளவு தீயது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நெருக்கடியில் கை அங்கேதான் போகும். கணக்குப் பிழை ஒன்று நேர்மைப் பிழையாக மாறும் இடம் இதுவே.

ஆகவே நாம் எல்லாக் குழுக்களுக்கும் வற்புறுத்துவது ஒன்று உண்டு. திரும்பிய பெட்டிக்கு அலமாரியில் மட்டுமன்றிக் கணக்கிலும் தனி இடம் வேண்டும். அதை ‘நிறுத்திவைப்பு இருப்பு’ என்று அழைப்போம். பெரும்பாலான மென்பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கிடங்குகளை அமைத்துக்கொள்ள இடந்தருகின்றன. உண்மையில் ஒரே அறைதான் இருப்பினும், கணக்கில் இரண்டாவது கிடங்கு ஒன்றை ஏற்படுத்தி, அதிலுள்ளவை எந்தத் தளத்திலும் விற்பனைக்குத் தோன்றாதபடி அமைத்துவிட வேண்டும். திரும்பி வருவதெல்லாம் முதலில் அங்கே பதிவாகும். பிரித்துப் பார்த்துச் சோதித்த பின்னரே விற்பனை இருப்புக்கு மாற்றப்படும்.

நம் நாட்டு மென்பொருள்கள் இதற்கு ஏற்றபடியே இருக்கின்றன. கணக்காளர் யாவரும் அறிந்த டாலியில் ‘ரிஜெக்‌ஷன் இன்’ என்று ஒரு பதிவு உண்டு. வாடிக்கையாளர் திருப்பிய சரக்கு உள்ளே வந்ததை மட்டும் அது குறிக்கும். பணக் கணக்கைத் தொடாது. பணத்துக்குக் ‘கிரெடிட் நோட்’ தனியே எழுத வேண்டும். இவ்வசதி அமைப்புப் பக்கத்தில் இயக்கிவிட்டால்தான் கண்ணில் படும். அதனால் பலர் இருப்பதே அறியார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் சரக்கிருப்பு மென்பொருளிலும் திருப்பும் கோரிக்கை, சரக்கைப் பெற்றுக்கொண்டமை, கிரெடிட் நோட் ஆகியவை வெவ்வேறு படிகளாக உள்ளன. சரக்கு வாராமல் பணம் மட்டும் திருப்பும் நிலைக்கும் அதில் வழி உண்டு. அமேசான் போன்ற பெருநிறுவனத்தின் கிடங்குகளிலும், திரும்பிய பொருளை விற்கத்தக்கது, வாங்கியவர் கையில் கெட்டது, வண்டியில் கெட்டது, இயல்பிலேயே பழுதுள்ளது என்று பிரித்தே பதிவு செய்கின்றனர். கடல் போன்ற கிடங்குக்குத் தேவைப்படுவது கைப்பெட்டி அளவு கடைக்குத் தேவையில்லை என்று எண்ணலாகாது. பெருநிறுவனம் நூறு பெட்டியை இழந்தாலும் தாங்கும். சாமை வாங்கக் கடன் எடுத்த குழு பத்துப் பெட்டியை இழந்தால் அந்த மாதத் தவணை தடைப்படும்.

எதை மீண்டும் வைக்கலாம்

உணவுப் பொருளில் விதி கடுமையாக இருக்க வேண்டும். முத்திரை உடைந்தது எதுவாயினும் விற்பனைக்குத் திரும்பக் கூடாது. முத்திரை உடையாததும் ஆராய்ச்சிக்கு உரியதே. தேன் புட்டி கோடையில் வண்டிக்குள் பல நாள் வெந்து, மூடியோரம் கசிந்திருக்கும். சாமைப் பையில் ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தாலும் வண்டு புகுந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தேதி. இணையத்தில் விற்கும் உணவுப் பொருள் வாங்குபவர் கையில் சேரும்போது, அதன் ஆயுளில் 30 சதவீதமோ அல்லது காலாவதிக்கு முன் 45 நாளோ மிஞ்சியிருக்க வேண்டுமென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 நவம்பரில் இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. ஆறு மாத ஆயுளுள்ள பை ஒன்று போகப் பத்து நாளும், வரப் பன்னிரண்டு நாளும் செலவிட்டால் அதன் ஆயுளில் மூன்று வாரம் வீணாகிவிட்டது. அதைப் புதிதாகக் கட்டிய பைகளோடு கலந்து அடுக்கிவிட்டால் எது பழையது என்பதே மறைந்துபோகும். எனவே ஒவ்வொரு தடவை கட்டும்போதும் தொகுதி எண் கொடுத்து, திரும்பிய பையை அதன் பழைய தொகுதியிலேயே சேர்க்க வேண்டும். முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்ப வேண்டும். தொகுதி எண் இல்லாத உணவுக் கணக்கு எவ்வளவு அழகாகக் கணினியில் தோன்றினாலும் பயனற்றது என்பது நம் கருத்து.

பட்டுச் சேலையில் சிக்கல் வேறு வகையானது. விலை மிகுதி; ஒன்றைப்போல் ஒன்று இராது; ஒருநாள் கல்யாணத்துக்கு உடுத்திவிட்டுத் திருப்புவோரும் உளர். பெட்டி வந்ததும் மடிப்பு ஆரணி மடிப்பாகவே இருக்கிறதா, ரவிக்கைத் துணி வெட்டப்படாமல் முந்தானையோடு சேர்ந்திருக்கிறதா, ‘ஃபால்ஸ்’ தைத்து அவிழ்த்த ஊசித் தடம் கீழ்க்கரையில் உண்டா, மஞ்சளோ வாசனைத் திரவியமோ மணக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு சேலையை மாற்றி வைத்து அனுப்பும் வஞ்சகமும் நடப்பதுண்டு. இதற்குக் காவல் அனுப்பும்போதே செய்யப்பட வேண்டும். சேலையின் எடையைக் கிராமில் குறித்தல், இரு கோடிகளையும் படம் எடுத்தல், மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் தொடங்கிய சில்க் மார்க் திட்டத்தின் சீட்டு எண்ணைப் பதிதல் ஆகிய மூன்றும் ஐந்து நிமிட வேலை. சரிகையும் பட்டும் எவ்வளவு போயிற்று என்று நெசவாளர்க்குத் தெரியும். தராசு அவர் சொல்லுக்குச் சாட்சி சொல்லும். சீட்டு அறுக்கப்பட்டு வந்த சேலை நல்லதாகவே இருப்பினும் புதுச் சேலையின் விலைக்கு மீண்டும் செல்லாது.

நஷ்டம் யாருடையது

இனி நாம் சொல்லப்போவது மென்பொருள் விற்போர் கவலைப்படாத ஒன்று; குழு நிர்வாகத்துக்கோ அதுவே உயிர். திரும்பிய பொருளின் நஷ்டத்தைக் கடைசியில் எவர் ஏற்கிறார் என்பதே அது. பொருளுக்குப் பொருள் கூலி தரும் குழுக்களில், திரும்பி வந்ததைச் செய்த உறுப்பினரின் பெயரில் எழுதி, அடுத்த கூலியில் பிடித்துவிடும் பழக்கம் சில இடங்களில் வேரூன்றியிருக்கிறது. கேட்டால், ‘அவள் செய்தது திரும்பிற்று, அவள்தானே பொறுப்பு?’ என்பர். 

கோரைப் பாய் விற்கும் குழு ஒன்றில் நாம் பார்த்ததைக் கூறுகிறோம். ஓர் உறுப்பினரின் பாய்கள் மற்றவருடையவற்றைக் காட்டிலும் அதிகமாகத் திரும்பின. அவர் கூலி பிடிக்கப்பட்டது, வேலையும் குறைக்கப்பட்டது. திரும்பிய பாய்களை எடுத்து அளந்தபோது நெசவில் ஒரு குறையும் இல்லை. அவர் நெய்தது அகலப் பாய். தளத்துப் பக்கத்தில் அந்தப் பாய்க்கு இன்னும் ஓர் அடி அதிகமாகத் தட்டச்சு செய்திருந்தனர். வாங்கியவர்கள் ‘சொன்ன அளவில் இல்லை’ என்று திருப்பியது முற்றிலும் நியாயம். பிழை செய்தது தட்டச்சு. கூலி இழந்தது தறி. அக்குழுவின் மென்பொருளில் திரும்பிய காரணம் என்ற இடம் இருந்தது. அதில் எல்லாவற்றுக்கும் ‘மற்றவை’ என்றே குறித்திருந்தனர்.

காரணத்தை எழுதும் இடத்தை ஒழுங்காக நிரப்பினால் நஷ்டம் தன் சொந்தக்காரரைத் தானே தேடிக்கொள்ளும். சாயம் போயிற்று, இழை விட்டது என்பவை செய்தவருக்கும் நூல் வாங்கியவருக்கும் உரியவை. படத்தில் கண்ட நிறமல்ல, சொன்ன அளவல்ல என்பவை பக்கம் எழுதியவருக்கு உரியவை. வேறு பொருள் வந்தது என்பது கட்டியவருக்கு உரியது. நசுங்கிற்று, நனைந்தது என்பவை உறைக்கோ வண்டிக்காரருக்கோ உரியவை. வண்டிக்காரரிடம் ஈடு கேட்பதற்குக் காலக்கெடுவும் படச் சான்றும் உண்டு. வாசலில் மறுக்கப்பட்டதும் மனம் மாறியதும் ஒருவருடைய குற்றமுமன்று; அவை வியாபாரச் செலவு, குழுப் பொது நிதியிலிருந்தே போக வேண்டும். ‘மற்றவை’ என்ற கட்டத்தை, முடிந்தால், மென்பொருளிலிருந்து எடுத்தே விடலாம். வாங்கியவர் சொன்ன காரணத்தையும், பெட்டியைப் பிரித்தவர் கண்ட காரணத்தையும் தனித்தனியே எழுதுவது இன்னும் சிறப்பு. இரண்டும் பல வேளை ஒத்துப்போவதில்லை.

வாரக் கூட்டம், சேமிப்பு, உட்கடன், தவறாத தவணை, முறையான கணக்கு என்னும் ஐந்தும் பஞ்சசூத்திரம் என்று நம் குழுக்களுக்குப் பாடமாகியிருப்பன. திரும்பிய சரக்கின் ஜாபிதாவையும் வாரக் கூட்டத்தில் படிக்கலாம். எவர் கூலியில் பிடிப்பதாயினும் அவர் எதிரில் பொருளை வைத்து, காரணத்தைப் படித்து, அவர் சொல்வதையும் கேட்ட பின்பே பிடிக்க வேண்டும். மென்பொருள் இல்லாத குழுக்கள் இதை ஒரு நாற்பது பக்க நோட்டிலும் செய்யலாம். கணினி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வரியும் திருவிழாவும்

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே மாநிலத்துக்குள் மட்டும் இணையத் தளம் வழியாக விற்கும் சிறு விற்பனையாளர், வரம்புக்கு உட்பட்டவராயின், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு இல்லாமலே விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் சலுகை உண்டு. பதிவு பெற்ற குழுக்கள், வரிப் பட்டியல் எழுதி அனுப்பிய சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட் எழுத வேண்டும். வாசலில் மறுக்கப்பட்ட பெட்டிக்குப் பணம் வரவே இல்லையாதலால் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆயினும் பட்டியல் எழுதியாகிவிட்டமையால் கிரெடிட் நோட் எழுதியே தீர வேண்டும். கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதற்கு, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் நாளுக்குள் அதைக் கணக்கில் காட்டிவிட வேண்டும். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்னரே தாக்கல் செய்திருந்தால் அந்நாளே எல்லை. தளங்கள் விற்பனைத் தொகையில் பிடித்துக் கட்டும் வரி 2024 ஜூலை 10 முதல் 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைந்தது. அது திரும்பிய சரக்கின் மதிப்பு நீங்கிய தொகைக்கே உரியது. நம் பதிவும் தளத்தின் பதிவும் மாதந்தோறும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

திருவண்ணாமலைக்கென்றே உரிய இடையூறு ஒன்றுண்டு. கார்த்திகைத் தீபத்தின்போது ஊருக்குள் வண்டிகள் வருவது கட்டுப்படுத்தப்படுகிறது. அந்நாள்களில் சரக்கு எடுக்க வரும் வண்டி வாராது. திரும்பும் பெட்டிகளும் வெளியே தேங்கி, பின்னர் ஒரேயடியாக வந்து குவியும். சொன்ன தேதிக்குச் சேராத பொருளைத் திருப்ப வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதை மேலே கண்டோம். பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கும் தீபத் திருநாளை எதிர்பாராத இடையூறு என்று எவரிடமும் சொல்ல இயலாது. ஆகவே திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே மென்பொருளில் அனுப்பும் நாள்களை நீட்டி வைத்துவிட வேண்டும். அல்லது அவ்வாரம் விற்பனையை நிறுத்தி வைக்கலாம். குவிந்து வரும் பெட்டிகளைச் சோதிக்காமல் அவசரத்தில் அலமாரியில் ஏற்றும் ஆபத்தும் அப்பொழுதே மிகுதி. நிறுத்திவைப்பு இருப்பில் பதினைந்து நாளுக்கு மேல் ஒன்றும் தங்கலாகாது என்று தீர்மானம் எழுதி வைத்துக்கொண்டால், தீபம் முடிந்த மறுவாரம் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கி முடித்துவிடலாம்.

சோதனையில் தேறாத உணவை அழித்து, அழித்த நாளையும் எடையையும் எழுதி, இரு உறுப்பினர் கையொப்பமிட வேண்டும். மற்றப் பொருள்கள் முற்றிலும் வீணாவதில்லை. ஓரம் நசுங்கிய பாயும், சீட்டு அறுந்த சேலையும், மடிப்புக் கலைந்த துண்டும் இணையத்தில் விலை போகா. கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் கடையில் விலை போகும். பௌர்ணமிக் கடையில் ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்கி, இன்ன குறை உண்டு என்று சீட்டில் எழுதித் தொங்கவிட்டு, விலையைக் குறைத்து விற்கலாம். மென்பொருளில் இவற்றுக்கு வேறு பொருள் எண் கொடுத்துவிட வேண்டும். நல்ல பாயின் எண்ணிலேயே குறைப் பாயையும் விற்றால், அலமாரியில் இருக்கும் நல்ல பாய் ஒன்று கணக்கில் குறைந்துவிடும்; அடுத்து கேட்பவருக்கு ‘இருப்பு இல்லை’ என்று தளம் சொல்லும்.